ஏழாவது முளை

மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு மருதாயியின் பெயரை இழை நீக்கியது. இரண்டு மணிக்கு அவள் இயற்பியல் ஆய்வுக்கூட வாசலில் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"மேம், உள்ள வரலாங்களா?"

பேராசிரியை தபீத்தா நிமிர்ந்து பார்த்தாள். பெண்ணின் வலது கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் இறங்கிச் செருப்பில் தேங்கியிருந்தது. பாவாடையின் முழங்கால்வரை செம்மண் சேறு.

"வா மருதாயி. முதல்ல காலக் கழுவு."

"கழுவிக்கிறேங்க. இதப் பாருங்க மேம்." போனை நீட்டினாள். 

'உங்கள் நம்பகம் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. பதினான்காம் சரிவின் ஏழாவது முளைக்கு வேறு மாணவர் நியமிக்கப்படுவார். செய்முறை மதிப்பெண்: பூஜ்யம்.'

"மேம், அவ டேப்புல சென்டிமீட்டரே கிடையாது. முழமும் சாணும்தான் இருக்கு" என்றான் தீனதயாளன் பின்பெஞ்சிலிருந்து. வகுப்பு சிரித்தது. பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு அது. மருதாயி நீங்கலாக மற்ற பதினொரு பேரும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இழை ஒரு மென்பொருள். செய்முறை வகுப்பில் பிள்ளைகள் எடுக்கும் அளவுகளை அதில் இட்டால், அந்தப் புள்ளிகளின் ஊடாகப் பொருத்தமான கோட்டை வரைந்து கொடுக்கும். நாளைய புள்ளி எங்கே விழும் என்பதையும் விட்டுவிட்டு வரைந்த கோடாக நீட்டிக் காட்டும். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அதை எழுதியவள் தபீத்தாதான். அப்போது அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், புள்ளிகள் கோட்டில் உட்காரவில்லை என்பதற்காக ஒரு மாணவியின் வரைபடத் தாளை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டார். அந்தப் பெண் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தாள்களைப் பொறுக்கியபடி அழுதது தபீத்தாவின் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால் இழை யாரையும் திட்டாதபடி எழுதினாள். ஒட்டாத புள்ளியை அது சாம்பல் நிறமாக்கி ஓரமாக வைத்துவிடும். அழிக்காது, கணக்கிலும் சேர்க்காது. அது ஒரு சின்ன இரக்கம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

பிறகு மலை மாவட்டத்துக்கு இழை தேவைப்பட்டது. நாற்பத்திரண்டு சரிவுகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இரும்பு முளைகள். எதிரே அசையாத பாறையில் ஓர் ஆணி. ஆணிக்கும் முளைக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடினால் மண் நகர்கிறது என்று பொருள். வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் தினம் ஒருமுறை, கல்லூரி மாணவர்கள் போய் டேப் வைத்து அளக்க வேண்டும். அதுவே அவர்களுடைய செய்முறைப் பாடம். கோட்டில் நன்றாக உட்காரும் அளவுக்கு நல்ல மதிப்பெண். அப்படி உட்கார வைப்பவர்களுக்கு நம்பகம் கூடும். நம்பகம் கூடியவர்களின் சொல்லுக்கு இழை கூடுதல் எடை கொடுக்கும். கோடு மேல்நோக்கி வளைந்தால் சரிவுக்குக் கீழே உள்ள சைரன் தானாக ஊதும். மனிதர் கையால் அதை ஊத முடியாது. முன்பு ஓர் அதிகாரி பயந்துபோய் மூன்று முறை வீணாக ஊதினார். நான்காம் முறை உண்மையாகவே ஊதியபோது யாரும் வீட்டை விட்டு வரவில்லை. அந்த ஒன்பது சவ அடக்கங்களுக்குப் பிறகு, சாவி இழையின் கையில் கொடுக்கப்பட்டது.

"அழாத மருதாயி. மார்க்குக்கு நான் லெட்டர் எழுதித் தரேன். போன தடவயும் தந்தேன்ல?" என்றாள் தபீத்தா.

"மார்க்கு கெடக்கட்டும் மேம். அளவு தப்பான்னு மட்டும் சொல்லுங்க. மூணு தடவ அளந்தேன். மூணு தடவையும் முப்பத்தஞ்சே ரெண்டு."

"நேத்து எவ்வளவு?"

"இருபத்தெட்டு."

"ஒரே நாள்ல ஏழு சென்டிமீட்டரா?"

"ஆமாங்க. முளைக்குப் பக்கத்துல நிக்கும்போது காலுக்குக் கீழ ஏதோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. பயந்துட்டு ஓடியாந்து எஸ்டேட் ஜீப்புல ஏறிட்டேன்."

 தபீத்தா சுவரில் இருந்த திரையைப் பார்த்தாள். பதினான்காம் சரிவு பச்சையாக இருந்தது. பதினொரு முளைகளும் இருபதரை சென்டிமீட்டரைச் சுற்றி, நூலில் கோத்த மணிகளைப் போலக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, ஒரு சாம்பல் புள்ளி. அடியில் 'அளப்பவர் பிழை' என்று சின்ன எழுத்து.

ஐந்து மாதங்களாக அவள் இந்தச் சாம்பல் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாவம், கவனமில்லாத பெண், எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வரிசை வீட்டிலிருந்து வருகிறவள், சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டாள். இரங்கினாள். கடிதம் எழுதித் தந்தாள். ஒரு நாளும் "நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் கண் தரையில் விழுந்தது.

மூன்று நாளாக விடாத மழை. இன்று காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் எல்லாரும் சரிவில் ஏறி அளந்ததாக இழை சொல்கிறது. பெஞ்சுகளுக்கு அடியில் பதினொரு ஜோடிக் கால்கள். பதினொரு ஜோடிச் செருப்பும் ஷூவும். ஒன்றில்கூடச் செம்மண் இல்லை.

தபீத்தா பின்பெஞ்சைப் பார்த்தாள்.

"தீனா, இன்னிக்கு நீ மலைக்குப் போனியா?"

அவன் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான்.

"நஸ்ரின்? நீ?"

நஸ்ரின் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சாமி சத்தியமா கேக்கறேன், திட்ட மாட்டேன். யாராவது ஒருத்தர் போனீங்களா?"

"சமைச்சோம் மேம்" என்றாள் நஸ்ரின்.

செய்முறை வகுப்பில் இந்தச் சொல் தெரியாதவர் இல்லை. விடை முன்பே தெரிந்த சோதனையில், விடைக்கு ஏற்றபடி அளவுகளை உட்கார்ந்த இடத்தில் எழுதிக்கொள்வது. தபீத்தாவும் மாணவியாக இருந்தபோது ஊசலாடும் குண்டை ஆட்டிப் பார்க்காமலே அளவு எழுதியவள்தான்.

"எப்படிச் சமைச்சீங்க? இங்க விடை யாருக்கும் தெரியாதே."

"இழையே காட்டுதே மேம்" என்றான் தீனதயாளன்.  "நாளைக்குப் புள்ளி எங்க விழும்னு அதுவே கோடு போட்டுக் காட்டும். அதப் பாத்துப் போட்டுடுவோம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்னு, கடைசி இலக்கத்தக் கொஞ்சம் கலைச்சுப் போட நான் ஒரு அட்டவணை செஞ்சேன்."

"எப்பலேருந்து?"

"ஜூன்லேருந்து."

தபீத்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இழை கோடு நீட்டியது. பிள்ளைகள் அந்தக் கோட்டையே அளவாக இட்டார்கள். இழை அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கோட்டை நீட்டியது. ஐந்து மாதமாக அது தன் சொல்லையே தான் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மலையை யாரும் பார்க்கவே இல்லை. பார்த்த ஒருத்தியைப் பொய்க்காரி என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டது.

அவளும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'நேரில் சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் விரல் வைத்திருந்தாள். மூட்டுவலி. முதல் இரண்டு வாரங்களுக்குப் பிறகு அவள் சரிவில் ஏறியதில்லை.

"மருதாயி, இந்த வாரம் நீ எடுத்தத வரிசையா சொல்லு."

"செவ்வாய் இருபத்திநாலு. புதன் இருபத்தஞ்சே நாலு. வியாழன் இருபத்தெட்டு. இன்னிக்கு முப்பத்தஞ்சே ரெண்டு. எல்லாம் நண்பகல்ல எடுத்தது மேம்."

தபீத்தா கரும்பலகைக்குப் போனாள். "ஒரு சென்டிமீட்டர் நகர மலைக்கு எத்தன மணி நேரம் ஆகுதுன்னு போட்டுப் பாப்போம். செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவுல பதினேழு மணி நேரம். அப்புறம் ஒம்பது. நேத்துலேருந்து இன்னிக்கு மூணேகால்." மூன்று புள்ளிகள் வைத்தாள். மூன்றும் சறுக்குமரம்போல இறங்கின. சுண்ணக்கட்டியால் இணைத்துக் கோட்டைக் கீழே நீட்டினாள். அது அடிக்கோட்டைத் தொட்டது.

"தொட்டா என்ன மேம்?" நஸ்ரின் கேட்டாள்.

"மலைக்கு நகர நேரமே வேணாம்னு அர்த்தம்."

"எப்பத் தொடுது?"

தபீத்தா இரண்டு முறை கணக்கிட்டாள். "இன்னிக்கு. நாலு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுல."

சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டு இருபத்தைந்து. பதினான்காம் சரிவுக்குக் கீழே அறுபத்துநான்கு லயன் வீடுகள். மருதாயியின் அம்மாவும் தங்கையும் அவற்றில் ஒன்றில் இருந்தார்கள்.

மருதாயி ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். "அம்மா, தங்கச்சியத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிரு. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போ. மலை வருது."

மறுமுனைக் குரல் அறை முழுவதும் கேட்டது. "சைரன் ஊதல்லியேடி? ஊதாம யாரு வெளிய வருவா? பாப்பாவுக்கு நெருப்பாக் கொதிக்குது காய்ச்சல். இந்த மழையில தூக்கிட்டுப் போனா சளி நெஞ்சுல இறங்கிரும். நீ பதறாத. ஊதினா போறேன்."

"அம்மா, நான் சொல்றேன்ல!"

"உன் அளவு தப்பு தப்புன்னு காலேஜுலயே சொல்றாங்கன்னு நீதான சொன்ன?"

மருதாயி போனை இறக்கினாள். அவள் முகத்தைப் பார்க்கத் தபீத்தாவால் முடியவில்லை.

ஜீப் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் பதினொரு மைல் மலைப்பாதை. இந்த மழையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் அறுபத்துநான்கு கதவுகள். தபீத்தா மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். ராஜமாணிக்கம் என்ற அலுவலர் பேசினார், நல்ல மனிதர்தான்.

"மேடம், திரை என் முன்னாலதான் இருக்கு. பதினாலு பச்சை. பதினோரு பேரு ஒண்ணு சொல்றாங்க, ஒரு பொண்ணு வேற சொல்லுது. அதோட நம்பகம் இருபத்தொம்போது."

"அந்தப் பதினோரு பேரும் பொய் சொல்றாங்க சார்."

"அப்படி நான் எப்படி மேடம் எழுத முடியும்? சைரனுக்கு என்கிட்ட பொத்தானே இல்லியே." மேலும் சொன்னார்: "நீங்க எழுதின இழைதானே மேடம்? அத நீங்களே நம்பலேன்னா எப்படி?"

அவள் போனை வைத்தாள். 'ஆண்டவரே, நான் இரக்கம் என்று நினைத்துச் செய்ததை இப்படியா என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவீர்?' என்று மனத்துக்குள் முறையிட்டாள். மழைதான் ஓட்டின்மேல் இரைந்தது.

"மேம்" என்று தீனதயாளன் எழுந்தான். "எங்க நம்பகம் எல்லாம் தொண்ணூறுக்கு மேல. எனக்குத் தொண்ணூத்தெட்டு. நாங்க இங்கேருந்தே அளவ ஏத்திப் போட்டா ஊதிடும்."

நஸ்ரின் அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தன் முளைக்கு முப்பத்துநான்கு என்று இட்டுப் பார்த்தாள். புள்ளி விழுந்த வேகத்தில் சாம்பலாயிற்று. அவளுடைய நம்பகம் தொண்ணூற்றொன்றிலிருந்து அறுபதுக்குச் சரிந்தது.

"குதிச்சா ஒத்துக்காது" என்றான் தீனதயாளன், நெற்றியில் வேர்வையுடன். "ஜூன்லேருந்து பழைய அளவு எல்லாத்தையும் திருத்தி, கொஞ்சங்கொஞ்சமா ஏத்திக்கிட்டு வரணும். நான் சமைச்சுத் தரேன் மேம். வேகமாத் தருவேன்."

தபீத்தா வாயைத் திறந்தாள். சரி என்று சொல்லத்தான் திறந்தாள். ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய். அறுபத்துநான்கு வீடுகளுக்காக என்றால் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவள் தயார். ஆனால் இவன் கையால் சமைத்தது மலையின் வளைவோடு ஒத்துப்போகாவிட்டால்? பாதியிலேயே இழை எல்லாரையும் சாம்பலாக்கிவிட்டால்? இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

"எதுக்கு மேம் சமைக்கணும்?" என்றாள் மருதாயி.

அவள் பையிலிருந்து உர மூட்டையின் உள் பாலிதீனில் சுற்றிய ஒரு நீள நோட்டை எடுத்தாள். பிரித்தாள். ஜூன் பத்திலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி. பன்னிரண்டு முளைகள்.

"எல்லா முளையும் நானே அளந்து எழுதி வெச்சிருக்கேங்க."

"எல்லாத்தையுமா? எதுக்குடி?" என்றாள் நஸ்ரின்.

"மொத வாரம் நீங்க யாரும் வரல. பஸ்ஸு கெடைக்கல போலன்னு நெனச்சேன். அப்புறம் கேப்பீங்கல்ல, அப்பக் குடுக்கலாம்னு எழுதினேன். எனக்கு வீட்டுக்குப் போற வழிதான், அரை மணி நேரம் கூட ஆகும். அவ்வளவுதான்." நோட்டின் ஈர ஓரத்தை நீவினாள். "யாரும் கேக்கல. ஆனாலும் விட்டுட்டா நடுவுல தேதி போயிருமேன்னு எழுதிக்கிட்டே வந்தேன்."

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மணி இரண்டு நாற்பது. இருபத்தைந்து தேதிகள், ஆளுக்கு இருபத்தைந்து அளவுகள். ஆனால் பழைய அளவைத் திருத்த இழை ஒரு வாசகம் கேட்டது. 'முன்பு நான் அளித்தது நான் அளந்த அளவல்ல' என்ற வரிக்கு நேரே ஒவ்வொரு முறையும் பெருவிரல் வைக்க வேண்டும். தானே ஒப்புக்கொண்டு திருத்துபவரின் நம்பகத்தை இழை குறைக்காது. விதி எல்லாருக்கும் தெரியும்: பொய் அளவு கொடுத்தால் மூன்று ஆண்டு தேர்வெழுதத் தடை.

"நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன்" என்றாள் தபீத்தா. தன் கணினியைத் திறந்தாள். போகாமலே 'நேரில் சரிபார்த்தேன்' என்று தான் விரல் வைத்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். 'நான் போகவில்லை' என்று எழுதினாள். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது. வேலை போகும். ஓய்வூதியமும் போகலாம். அவள் நிறுத்தவில்லை.

நஸ்ரின் போனை எடுத்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள். பிறகு முன்பெஞ்சில் மூவர்.

"படி மருதாயி" என்றாள் தபீத்தா.

"ஜூன் பத்து. ஒண்ணாம் முளை இருபதே பூஜ்யம். ரெண்டாம் முளை இருபதே ஒண்ணு. மூணாம் முளை..." வேதபாடம் வாசிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். தேதிக்குத் தேதி, முளைக்கு முளை. விரல்கள் தட்டின. எழுத்துகள் சில இடங்களில் மழையில் கலைந்திருந்தன. அங்கே மட்டும் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்த் தேடிப் படித்தாள். ஒரு எண்ணைக்கூட ஊகித்துச் சொல்லவில்லை. "இது தெரியல, விட்ருங்க" என்றாள்.

இழையின் கோடு முதலில் அசையவில்லை. ஜூலை முடிந்தபோது நூலளவு தூக்கியது. செப்டம்பரில் பச்சை வெளிறிற்று. மணி மூன்று பத்தானபோது கோடு மஞ்சளாகி, அதற்குமேல் நகராமல் அப்படியே நின்றது.

பத்துப் பேர் முடித்துவிட்டார்கள். தீனதயாளன் மட்டும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கழகத்தில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. போன வாரம்தான் வகுப்புக்கே இனிப்புக் கொடுத்தான். அவனுடைய தொண்ணூற்றெட்டு, ஒற்றை ஆளாகக் கோட்டைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"டேய் தீனா, போடுடா! மனுஷனாடா நீ?" என்று யாரோ கத்தினார்கள்.

"கத்தாதீங்க" என்றாள் மருதாயி. "அவருக்குக் கை வரல. எனக்கும் இன்னிக்கு முளைகிட்டப் போறதுக்குக் கால் வரல. கொஞ்ச நேரம் ஆகும்."

அவள் எழுந்து போய் அவன் பெஞ்சில், அவனுக்கு முகம் தெரியாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்தாள். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் தொடங்கினாள். "ஜூன் பத்து. நாலாம் முளை. இருபதே ரெண்டு. இந்த முளைகிட்ட ஒரு செண்பக மரம் இருக்குதுங்க. ஜூன் பதினேழு. இருபதே ரெண்டு. ஜூன் இருபத்திநாலு..."

ஐந்தாவது தேதியில் அவன் போனைத் திருப்பினான்.

மூன்று இருபத்தெட்டுக்குத் திரை சிவந்தது. அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. பதினொரு மைலுக்கு அப்பால் ஊதும் சைரன் இங்கே எப்படிக் கேட்கும்? ஊதிற்றா, இல்லையா? மருதாயி போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீண்டும் செய்தாள். எடுத்ததும் போனுக்குள்ளிருந்து அந்த நீண்ட ஊளை அறைக்குள் வந்து நிறைந்தது.

"ஊதுதுடி! வெச்சிர்றேன், பாப்பாவத் தூக்கணும்" என்ற குரல் அறுந்தது.

பிறகு காத்திருப்புத்தான். ஒரு மணி நேரம் இத்தனை நீளமானது என்று தபீத்தா அன்றுதான் அறிந்தாள். பிள்ளைகள் அவரவர் தெய்வத்தை அவரவர் வாய்க்குள் அழைத்தார்கள். நஸ்ரின் மருதாயியின் கணுக்காலைப் பிடித்து ரத்தத்தைத் துடைத்துத் தன் கைக்குட்டையைக் கட்டினாள். 

நான்கு நாற்பதுக்கு ராஜமாணிக்கம் அழைத்தார்.

"போயிடுச்சு மேடம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நாலு லயன் மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஆனா ஆளுங்க ஸ்கூல்ல இருக்காங்க. ரெண்டு தடவ தலை எண்ணியாச்சு. எல்லாரும் இருக்காங்க. காய்ச்சலோட கெடந்த ஒரு குழந்தையக்கூடத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

மருதாயி தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். தபீத்தா ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"மேம்" என்றான் தீனதயாளன். முகம் வெளுத்திருந்தது. "என் அட்டவணை... அத நான் குரூப்புல போட்டேன்."

"எந்த குரூப்?"

"சமையற்கட்டுன்னு ஒரு குரூப். எல்லா காலேஜும் அதுல இருக்கு. நானூறு பேருக்கு மேல."

தபீத்தா மாவட்ட வரைபடத்தைத் திறந்தாள். மீதி நாற்பத்தொரு சரிவுகள். நாற்பத்தொன்றும் பச்சை. மழை எல்லாவற்றின்மேலும்தான் பெய்துகொண்டிருந்தது.

ராஜமாணிக்கம் இன்னும் தொடர்பில் இருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"மத்ததெல்லாம் பச்சதானே மேடம்" என்று அவர் தொடங்கினார். நடுவில் நின்றார். பிறகு வேறொரு குரலில், "என் வீடு இருபத்தாறாம் சரிவுக்குக் கீழ இருக்கு" என்றார்.

"வீட்டுக்குப் போன் பண்ணுங்க சார். இப்பவே. அப்புறம் பக்கத்து வீட்டுக்கு."

தீனதயாளன் குரூப்பில் எழுதிக்கொண்டிருந்தான். தன் முழுப்பெயரை எழுதினான், பதிவு எண்ணை எழுதினான், செய்ததை எழுதினான். 'உங்க சரிவுல யாராவது நெஜமாப் போய் அளந்து வெச்சிருக்கீங்களா? ஒருத்தராவது?' என்று கேட்டான்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. இல்லை. இங்கே யாரும் போனதில்லை. இல்லை. எங்க முளை எங்க இருக்குன்னே தெரியாது. இல்லை. இல்லை. முப்பத்தொன்றாம் சரிவிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: 'அண்ணா, இப்பப் போய் அளக்கட்டுமா?'

"மலைக்கு யாரும் போகக் கூடாதுன்னு சொல்லு" என்றாள் தபீத்தா. "வீடுகளுக்குப் போகச் சொல்லு. சைரன் ஊதாது. கதவத் தட்டச் சொல்லு."

"புள்ளைங்க இருக்கற வீட்ட மொதல்ல" என்றாள் மருதாயி தரையிலிருந்து.

அவன் அனுப்பினான். சிறிது நேரம் திரையில் ஒன்றும் அசையவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்றே தபீத்தா நினைத்தாள். நம்பச்சொல்ல அவர்களிடம் ஓர் எண்கூட இல்லை. ஓர் ஊகமும் ஒரு பயமும்தான் இருந்தன. 'ஆண்டவரே, ஒருவரையாவது எழுப்பும்' என்றாள்.

முப்பத்தொன்றாம் சரிவுப் பெண்ணிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. தீனதயாளன் அதை ஒலிக்க விட்டான். முதலில் மழை. ஓடுகிற செருப்புச் சத்தம், இரைக்கும் மூச்சு. பிறகு தகரக் கதவை ஒரு கை படபடவென்று தட்டியது. தாழ்ப்பாள் விலகியது. வயதான ஓர் ஆண்குரல், அக்கறையோடு சொல்லிற்று:

"யாரும்மா அது? ஐயோ, இப்படி நனஞ்சிருக்கியே. மழையில நிக்காத தாயி, உள்ள வா."

"இல்லீங்கய்யா" என்றது அந்தப் பெண்ணின் குரல், பல் கிட்டிக்க. "நீங்க வெளிய வாங்க."